புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

கடல் மீன் வளர்ப்பவர் ஒருவரிடம் "வெள்ளைப்புள்ளி" என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை பவளத்தின் நிறம், விளக்கின் விலை என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்திவிடுவார். தூள் உப்பைத் தூவியதுபோல் மீனின் உடம்பில் நாலைந்து புள்ளிகள். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால், ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மீன்கள் சில வாரங்களுக்குள் ஒவ்வொன்றாகப் போய்விட அந்த நாலைந்து புள்ளிகள் போதும்.

செங்காங்கில் என் வீட்டுக் கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. உறவினர், நண்பர் வீட்டு மீன்களுக்கு ஏதாவது என்றால் என்னைத்தான் அழைப்பார்கள். "எந்த மருந்து வாங்கலாம்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. என் பதில் அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். "மருந்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டுங்கள்."

ஏன் நாட்காட்டி? உட்லண்ட்சில் என் அக்கா வீட்டில் நடந்ததை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

ஒரே இரவில் மறைந்த புள்ளிகள்

அக்கா வீட்டுத் தொட்டி நான்கடி நீளம், சுமார் 300 லிட்டர். அக்கா மகன் பிஎஸ்எல்இ எழுதி முடித்தபோது அத்தான் வாங்கிக் கொடுத்தது. இப்போது அவன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் கோபி மீன், சில பவளங்கள், நத்தைகள். இவற்றோடு ஒரு பிஸ்டல் இறாலும் உண்டு.

அந்தக் கோபியும் இறாலும்தான் தொட்டியின் நாயகர்கள். பிஸ்டல் இறாலுக்குக் கண்பார்வை மிகவும் மங்கல். ஆனால் அது ஓயாத உழைப்பாளி. மணலைத் தோண்டி வளை அமைத்து, சரிந்து விழும் மணலை நாள் முழுவதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கோபிக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. அது வளையின் வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட மீசையைக் கோபியின் உடம்பில் தொட்டபடியே வேலை செய்யும். ஆபத்து என்றால் கோபி வாலைச் சிலுப்பும். அடுத்த நொடி இரண்டும் வளைக்குள் இருக்கும். இத்தகைய இணைகள் சிங்கப்பூரின் மணற்கரைகளிலும் உண்டு; கடல் வற்றும் நேரத்தில் பொறுமையாகக் குனிந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஜூன் விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்பு, வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த சிறிய நீல டாங் மீனை அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போனார். 'டோரி' என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். எட்டு நாள் அது நன்றாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் கல்லில் உடம்பை உரசத் தொடங்கியது. மறுநாள் துடுப்பிலும் முதுகிலும் புள்ளிகள்.

அத்தான் 'பவளத்துக்குத் தீங்கில்லை' என்று அட்டையில் போட்டிருந்த ஒரு மூலிகை மருந்தை வாங்கி ஊற்றினார். அடுத்த நாள் காலை அக்கா மகனிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. "சித்தி, புள்ளி எல்லாம் போயிடுச்சு!"

வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு அப்போதுதான் கவலை பிறந்தது.

புள்ளி எங்கே போனது?

இந்த நோயைத் தருவது ஒற்றை உயிரணு ஒட்டுண்ணி. 'கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ்' என்பது அதன் அறிவியல் பெயர். 1937ல் ஜப்பானில் சிகாமா என்ற ஆய்வாளர் இந்நோயைப் பற்றி எழுதினார். 1951ல் பிரவுன் என்ற ஆய்வாளர் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். பெயர் எதுவாக இருந்தாலும், அதன் வாழ்க்கை நான்கு கட்டங்களில் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் கட்டம், மீனின் மேல். நாம் பார்க்கும் வெள்ளைப்புள்ளி இதுதான். உண்மையில் ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் புதைந்துகொண்டு தின்று வளர்கிறது. இது மூன்று முதல் ஏழு நாள் வரை.

இரண்டாம் கட்டத்தில், வயிறு நிறைந்த ஒட்டுண்ணி மீனைவிட்டுத் தானாகவே விழுந்துவிடும். பெரும்பாலும் இருட்டில்தான் இது நடக்கும். விழுந்தது சில மணி நேரம் மணலிலும் கல்லிலும் ஊர்ந்து இடம் தேடும்.

மூன்றாம் கட்டத்தில், பிடித்த இடத்தில் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்து, ஒரே கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வரை உருவாகலாம். குறைந்தது மூன்று நாள் ஆகும். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் வெடித்துவிடும். சில கூடுகள் பத்து வாரம்வரைகூட உறங்கும்.

நான்காம் கட்டத்தில், கூட்டைவிட்டு வெளியே வந்தவை நீரில் நீந்தி மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் மடிந்துவிடும்.

இப்போது அந்தக் குறுஞ்செய்தியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். புள்ளிகள் மறைந்ததற்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. ஒட்டுண்ணிகள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பியிருந்தன. ஒரு புள்ளிக்கு நூற்றுக்கணக்கான குஞ்சுகள் என்று, தொட்டியின் மணலிலும் கல்லிலும் கூடுகள் உருவாகிக்கொண்டிருந்தன. "குணமாயிற்று" என்று மருந்துப் புட்டியை மூடி வைக்கும் அந்த வாரம்தான் மிகவும் ஆபத்தான வாரம்.

பெருங்கடலில் இந்த ஒட்டுண்ணி மீன்களை இப்படிக் கூட்டமாகக் கொல்வது அரிது. அங்கே கூட்டைவிட்டு வந்த குஞ்சு மீனைக் கண்டுபிடிப்பதற்குள் அலை எங்கோ கொண்டுபோய்விடும். நான்கடிக் கண்ணாடிப் பெட்டியிலோ மீன் தினமும் ஒரே பொந்தில் உறங்குகிறது. அதே பொந்தின் சுவரில்தான் கூடும் இருக்கிறது.

பூண்டு, மஞ்சள், வெந்நீர்

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஒரு மருத்துவ மாநாடே நடந்துகொண்டிருந்தது. அம்மா, "பூண்டை நசுக்கிச் சாறு எடுத்துத் தீனியில கலந்து குடு. மனுஷனுக்கே கேக்குது, மீனுக்குக் கேக்காதா?" என்றார். பூண்டு வாசனைக்குச் சில மீன்கள் ஆவலாகச் சாப்பிடும், அது நல்லதுதான். ஆனால் தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியைப் பூண்டு கொல்லாது. மஞ்சளும் அப்படித்தான்.

அத்தான், "தண்ணீரைச் சூடாக்கினால் போகும் என்கிறார்களே" என்றார். அது நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளிக்கான வைத்தியம். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு ஒட்டுண்ணி. கடல் வெள்ளைப்புள்ளிக்கு 30 டிகிரி என்பது ஒரு பொருட்டே அல்ல. நம் வட்டாரக் கடலே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. மேலும், தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் உயிர்வாயு குறையும். செவுள் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் மீனுக்கு அது கூடுதல் தண்டனை.

"துப்புரவு இறால் வாங்கி விட்டால் அது கொத்தித் தின்றுவிடும்" என்பதும் அடிக்கடி கேட்பதுதான். தோலுக்கு அடியில் இருப்பதை இறால் எப்படிக் கொத்தும்? புறஊதா விளக்கு நீந்தும் குஞ்சுகளில் ஒரு பகுதியைக் குறைக்கும். கல்லில் இருக்கும் கூட்டை அது தொடாது.

அப்படியானால் எதுதான் வேலை செய்யும்? நம்பகமான வழிகள் மூன்று. முதலாவது காப்பர். சாதாரண காப்பர் கரைசல் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். வேறு பொருளுடன் பிணைத்து விற்கப்படும் காப்பருக்கு அளவு அதைவிடப் பல மடங்கு. எனவே புட்டியில் உள்ள அளவையும், அந்த வகைக் காப்பருக்கு ஏற்ற சோதனைப் பொருளையும் மட்டுமே நம்ப வேண்டும். இரண்டாவது, நீரின் உப்பை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைத்து, அதாவது ஒப்படர்த்தி 1.009 அளவில், வாரக்கணக்கில் வைத்திருப்பது. சரியாக அளவு பார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது. மூன்றாவது, மருந்தே இல்லாமல் மீன்களைப் பெட்டி மாற்றி மாற்றி வைப்பது.

மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. மீன்களைத் தொட்டியைவிட்டு வெளியே எடுத்தே ஆகவேண்டும். காப்பர் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும்; கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். குறைந்த உப்பும் அவற்றுக்கு ஆகாது. எனவே மீன்கள் வெளியே, இறால் உள்ளே. அந்த இறாலையும் கோபியையும் பிரிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அக்கா மகன் முகம் வாடிவிட்டது.

அத்தானுக்கு வேறு கணக்கு. "முப்பது வெள்ளி மீனுக்கு இவ்வளவு செலவா? போனால் வேறு வாங்கிக்கொள்ளலாமே." அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெட்டி, பம்பு, உப்பு, சோதனைப் பொருள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 160 வெள்ளி ஆகியது. ஆனால் வாங்கும் புது மீனும் அதே கூடுகள் நிறைந்த தொட்டிக்குத்தானே வரும்? கடலில் இருந்தால் அது நீந்தித் தப்பியிருக்கும். கண்ணாடிக்குள் நாம் வைத்த மீனுக்கு நம் கையைவிட்டால் வேறு வழியில்லை. இதைச் சொன்ன பிறகு அத்தான் எதுவும் பேசவில்லை. கிடங்கறையைக் காலிசெய்து கொடுத்தார்.

72 மணி நேரக் கணக்கு

நான்கு மீன்கள்தான் என்பதால் பெட்டி மாற்றும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். இதன் அடிப்படை எளிது. மீனைவிட்டு விழுந்த ஒட்டுண்ணி கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும் அல்லவா? அதற்குள் மீனை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டால், விழுந்தவை எல்லாம் பழைய பெட்டியிலேயே தங்கிவிடும். இப்படி நான்கு முறை மாற்றினால், மீனின் மேல் இருந்த கடைசி ஒட்டுண்ணியும் எங்கோ ஒரு பெட்டியில் கழன்றுவிடும்.

ஜூன் விடுமுறையின் முதல் சனிக்கிழமை மாலை வேலை தொடங்கியது. கோமாளி மீன்களும் டாங்கும் பாதித் தண்ணீரை இறைத்ததும் வலையில் வந்துவிட்டன. கோபி வரவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்து வாளிகளில் வைத்தோம். அடிக்கல்லைத் தூக்கியபோது மணலுக்குள்ளிருந்து விரல் நெட்டி முறிப்பதுபோல் ஒரு சத்தம். இறால் தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கியிருக்கிறது. அதன் அருகிலேயே கோபி ஒண்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தபோது இரவு 11 மணி.

கிடங்கறையில் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 40 லிட்டர் கடல்நீர். மணல் இல்லை, கல் இல்லை. ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகள், காற்றுப் பம்பு, அவ்வளவே. அக்கா மகன் நாட்காட்டியில் வட்டம் போட்டான். சனி இரவு முதல் பெட்டி. செவ்வாய், வெள்ளி, திங்கள், வியாழன் மாலைகளில் மாற்றம். எப்போதும் 72 மணி நேரத்துக்குள். ஒரு மணி நேரம்கூடத் தாண்டக்கூடாது. கடைசி மாற்றம் இரண்டடித் தொட்டிக்கு. முழுத் தொட்டி தயாராகும்வரை மீன்கள் அங்கேதான்.

விதிகள் கறாரானவை. மீனைத் தவிர எதுவும் பெட்டி மாறக்கூடாது: தண்ணீர், வலை, குழாய்த் துண்டு எதுவுமே. காலியான பெட்டியையும் பம்பையும் கழுவி, வெயிலில் எலும்பாகக் காயவைத்த பிறகே திரும்பப் பயன்படுத்த வேண்டும். புதுப் பெட்டியின் உப்பும் சூடும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். வடிகட்டி இல்லாத பெட்டியில் மீனின் கழிவால் அம்மோனியா ஏறும் என்பதால் காலையும் மாலையும் சோதனை. மொத்தம் எட்டுக் கிலோவுக்குச் சற்று அதிகமான உப்பு தேவை என்று லிட்டருக்கு 38 கிராம் கணக்கில் அவனே பெருக்கிச் சொன்னான்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. "குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும்" என்பது ஊரிலிருந்து வந்த பழக்கம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது. அது குளோரின்போல் ஓரிரவில் பறந்துபோகாது. அதை முறிக்கும் திரவத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது வடிகட்டிய தூய நீரைப் பயன்படுத்த வேண்டும்.

புதன்கிழமை காலை டாங் இறந்துகிடந்தது.

"நாம மாத்தினதாலயா சித்தி?" என்றான். இல்லை. இந்த ஒட்டுண்ணி தோலில் மட்டுமல்ல, செவுளிலும் புதைகிறது. அங்கே இருப்பது வெளியே தெரியாது. டாங் வகை மீன்களை இது மற்றவற்றைவிடக் கடுமையாகத் தாக்கும். செவுள் சிதைந்தால், ஒட்டுண்ணி கழன்ற பிறகும் மீனால் மூச்சுவிட முடியாது. சனிக்கிழமையே அது நீரின் மேல்மட்டத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் அதை ஒரு காகிதத்தில் சுற்றிப் பையில் கட்டினான். வெள்ளிக்கிழமை மாற்றத்தின்போது தண்ணீர் வாளியைத் தூக்க அத்தான் சொல்லாமலே வந்து நின்றார்.

மீதி மூன்று மீன்களும் வியாழன் மாலை புள்ளி இல்லாமல் இரண்டடித் தொட்டிக்குப் போயின. அதன் வடிகட்டிப் பஞ்சு, நோயில்லாத என் செங்காங் தொட்டியில் ஊறியது. பழைய தொட்டியின் பஞ்சை எடுத்திருந்தால் கூடுகளும் கூடவே வந்திருக்கும்.

மீனில்லாத தொட்டிக்கு விளக்கு எதற்கு?

மீன்களைச் சுத்தப்படுத்தியாகிவிட்டது, பெரிய தொட்டி? கல்லிலும் மணலிலும் இருக்கும் கூடுகளைக் கழுவ முடியாது, சுரண்ட முடியாது. அவை வெடித்து, மீன் கிடைக்காமல், பட்டினியால் மடியும்வரை காத்திருப்பதுதான் வழி. மிக மெதுவான கூடும் வெடித்து முடிய வேண்டும் என்பதற்காகக் கடல் மீன் வளர்ப்பவர்கள் 76 நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கடைசி மீன் வெளியே வந்த நாளிலிருந்து 76 நாள். எங்கள் கணக்கில் அது தேசிய தினம் முடிந்த அடுத்த வாரம்.

"ஒரே ஒரு சின்ன மீனாவது போடேன். கூடமே வெறிச்சுன்னு இருக்கு," என்றார் அம்மா, ஒரு வாரம் கழித்து. ஒரே ஒரு மீன் போட்டாலும் அந்த ஒட்டுண்ணிக்கு விருந்து. கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். "அப்போ மீனில்லாத தொட்டிக்கு விளக்கு எதுக்கு, கரண்ட் பில் எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. பவளத்துக்கு ஒளி வேண்டும். இறாலுக்குத் தீனி வேண்டும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் பட்டினி கிடக்கக்கூடாது. எனவே விளக்கு எரிந்தது. தினமும் ஒரு சிட்டிகைத் தீனியும் விழுந்தது.

முதல் இரண்டு வாரம் இறால் வளையைவிட்டு வெளியே வரவே இல்லை. வாசலில் காவல் இல்லாதபோது அது எப்படி வரும்? அக்கா மகன் நீண்ட குழாய் வழியாக வளையின் வாய்க்கே தீனியைக் கொண்டுபோனான். உள்ளிருந்து ஒரு கொடுக்கு நீண்டு அதை எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனித்தோம். கொத்தித் தின்ன மீன் இல்லாததால், அரிசி நொய்யைவிடச் சிறிய ஓட்டுடலிகள் கண்ணாடியெங்கும் பெருகின. இரவில் கைவிளக்கைப் பிடித்தால், கல்லிடுக்கிலிருந்து நூல்போன்ற கைகளை நீட்டும் சிறு நட்சத்திர உயிர்களும், புழுக்களும், பூப்போல் விரியும் குழாய்ப் புழுக்களும். 'ஒன்றும் இல்லாத' தொட்டியை அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலி போட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டு தொட்டிகளுக்கும் தனித்தனி வலை, தனித்தனி வாளி. ஈரக் கையோடு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகக்கூடாது. நீர்த்துளி தெறித்தும் ஒட்டுண்ணி பரவலாம் என்பதால் இரண்டுக்கும் இடையே பத்தடியாவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். வீவக வீட்டில் கிடங்கறைக் கதவு அந்த வேலையைச் செய்தது.

எல்லாப் புள்ளியும் ஒன்றல்ல

மேலே சொன்னதெல்லாம் வெள்ளைப்புள்ளிக்கு. வேறு ஒட்டுண்ணிகளும் உண்டு. அவற்றுக்கு வைத்தியம் வேறு.

புள்ளிகள் உப்புக்கல்போல் இல்லாமல், பொன்னிறத் தூளைப் பூசியதுபோல் மிக நுண்ணியதாக இருந்தால், மீன் மூச்சிரைக்க நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றால், அது 'வெல்வெட்' நோயாக இருக்கலாம். அதற்கு 76 நாள் பொறுமை இல்லை. இரண்டு மூன்று நாளில் மீன் போய்விடும். பெட்டி மாற்றுவதும் உப்பைக் குறைப்பதும் அதற்குப் போதாது. உடனே தனித் தொட்டியில் காப்பர் சிகிச்சை தொடங்க வேண்டும்.

கோமாளி மீனின் உடம்பில் புள்ளிக்குப் பதில் சளிபோல் வெண்மையாகத் தோல் உரிந்தால், அது 'புரூக்லினெல்லா' என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் காப்பர் உதவாது. ஃபார்மலின் குளியல்தான் வழக்கமான வைத்தியம். ஃபார்மலின் மனிதருக்கும் நச்சு. கையுறை, காற்றோட்டம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே வேண்டாம்.

கண் மங்கி, மீன் தலையை உதறிக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம். குளோரமின் நீக்கி, சூட்டையும் காரத்தன்மையையும் ஒத்துவரச் செய்த நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் வைத்தால், கண்ணாடிபோல் இருந்த புழுக்கள் வெள்ளையாகி உதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதோடு விடாமல் பிராசிகுவான்டெல் மருந்தை ஒரு வார இடைவெளியில் இருமுறை கொடுப்பார்கள். முதல்முறை தப்பிய முட்டைகள் பொரிந்ததும் பிடிப்பதற்காகவே அந்த இரண்டாம் முறை. இங்கும் கடைசியில் நாட்காட்டிதான்.

எது என்று தெரியாவிட்டால் மருந்தை மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். தெளிவான காணொளி ஒன்றை எடுத்து அனுபவம் உள்ளவரிடம் காட்டுங்கள். மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள்.

எழுபத்தாறாம் நாளுக்குப் பிறகு

கணக்கு முடிந்த மறுநாள் மாலை மூன்று மீன்களும் பெரிய தொட்டிக்குத் திரும்பின. கோமாளி மீன்கள் நேற்றுத்தான் போனவைபோல் பழைய மூலைக்குப் போய்விட்டன. கோபி ஒரு கல்லின் நிழலில் ஒண்டியது. விளக்கு அணையும்வரை அது அசையவில்லை. இறாலும் வரவில்லை.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் அக்கா மகன் பத்து நொடிக் காணொளி ஒன்றை அனுப்பினான். வளையின் வாசலில் கோபி. அதன் பின்னால், வாயில் ஒரு கூழாங்கல்லைத் தள்ளிக்கொண்டு இறால். அதன் மீசை கோபியின் வாலில். காணொளிக்குக் கீழே அவன் எதுவும் எழுதவில்லை.

கடல் மீன் வளர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். மீனுக்கு முன் ஒரு தனிப்பெட்டியை வாங்குங்கள். கடையிலிருந்து வந்தாலும், நண்பர் கொடுத்தாலும், எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும், எந்த மீனும் முதல் ஒரு மாதம் அந்தப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். செவுளில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணிகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழும் மீன்கள் உண்டு. இடம் மாறிய அதிர்ச்சியில்தான் நோய் வெளியே வரும். பவளம், நத்தை, கல் ஆகியவற்றுக்கு நோய் வராது. ஆனால் அவற்றின் மேல் கூடு ஒட்டி வரலாம். அவற்றையும் மீனில்லாத பெட்டியில் அதே 76 நாள் வைப்பது நல்லது.

கடையில் விலையைக் கேட்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இது எத்தனை நாளாக இங்கே இருக்கிறது? சாப்பிடுவதைக் காட்ட முடியுமா?" நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். நோயுற்ற மீனையோ, வேண்டாத மீனையோ கடலில் விடாதீர்கள். அனுமதியின்றி விடுவது சட்டப்படிக் குற்றம் என்பதோடு, நோயும் அதோடு போகும்.

வீடு சிறியது, பெட்டி வைக்க இடமில்லை என்பவர்கள் உண்டு. ஒரு மாதத்துக்கு ஒரு பெட்டி வைக்க இடமில்லாத வீட்டில், அந்த மீனுக்கும் இப்போதைக்கு இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.